புத்தரையும் திருடர்களையும் சேர்த்துப் பூட்டியவள்

மேட்டுப் புத்தர் கோயிலின் சாவியை ருய்லான் கேட்டு வாங்கியது மக்காச்சோளம் காயப்போடத்தான். ஊரில் சமமாக, நாள் முழுக்க வெயில் விழுகிற இடம் அந்த முற்றம் ஒன்றுதான். மற்றதெல்லாம் மலைச்சரிவு. அங்கே சோளத்தைப் பரப்பினால் பாதி உருண்டு போய் அடுத்த வீட்டுப் பன்றியைக் கொழுக்க வைக்கும்.

சாவி வைத்திருந்த கிழவர் இறந்த மறுவாரம் ஊர்த்தலைவர் பாவோதியான் கூட்டம் போட்டார். "சோங் ராஜா காலத்துக் கோயிலு. மாவட்டத்துல இருந்தெல்லாம் ஆளு வந்து பாக்கறாங்க. யாராவது ஒருத்தர் பொறுப்பெடுத்துக்கங்கப்பா" என்று அவர் கெஞ்ச, ஆண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் சிகரெட் பற்றவைத்துக்கொண்டார்கள். பின்வரிசையில் இருந்து ருய்லான் கேட்டாள்.

"கோயில் உள்வாசல்ல சோளம் காயப்போடலாமா?"

"போடு."

"பக்கத்து அறையில நாலு பேரு சேந்து மாஜோங் கட்டை ஆடலாமா?"

பாவோதியான் தயங்கினார். "சத்தம் வராம ஆடு."

"அப்ப குடு சாவிய."

அப்போது அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. கணவன் லாய்ஷுன் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தான். எப்போதாவது வீட்டுக்கு வந்தால் நூடுல்ஸில் வினிகரைக் கவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப் போய்விடுவான். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிப் பழகியிருந்தாள். கோயில் கைக்கு வந்த பிறகு பேச்சுக்கு இன்னும் மூன்று பேர் கிடைத்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த புத்தருக்குப் 'பெரியவர்' என்று பெயர் வைத்தாள். அவருக்கு இடப்பக்கம் இடுப்பை ஒடித்துக்கொண்டு ஒயிலாக நிற்கிற போதிசத்துவர் 'மைனர்'. வலப்பக்கத்தவர் முகத்தில் மழை ஒழுகிக் கோடு விழுந்திருந்ததால் 'அழுமூஞ்சி'. மூவரும் களிமண். ஊதுபத்திப் புகை அவளுக்கு ஆகாது, இருமல் வந்துவிடும் என்பதால் கும்பிடுவதும் கிடையாது. வாசல் காவல் தெய்வத்தின் ஓங்கிய முஷ்டியில் மிளகாய்ச் சரத்தைத் தொங்கவிட்டிருந்தாள். கேட்டவர்களிடம், "சும்மாதான கையத் தூக்கிட்டு நிக்கறான்? ஒரு வேலை செஞ்சா என்ன குறைஞ்சிருவான்?" என்பாள்.

பார்க்க வருகிறவர்கள் நகரத்திலிருந்து பஸ் பிடித்து, மீதித் தூரம் நடந்து, மூச்சு வாங்கிக்கொண்டு வருவார்கள். ஆட்டம் நடக்கிற நேரமென்றால் ருய்லான் கட்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்வாள்: "ஆயிரம் வருசமா உக்காந்திருக்காரு. இந்தக் கை ஆடி முடிக்கறதுக்குள்ள எந்திரிச்சு ஓடிற மாட்டாரு. அந்தக் கல்லுல உக்காருங்க."

அந்த வருடம் அறுவடை முடிந்து ஊரில் கூத்து போட்டார்கள். மாவட்டத் தலைநகரிலிருந்து நாடகக் கோஷ்டி, நாலாபக்கமும் ஒலிபெருக்கி. ருய்லான் காலையிலேயே முன்வரிசையில் முக்காலியைப் போட்டு இடம் பிடித்திருந்தாள். நாடகம் தொடங்கும் நேரத்தில் அவள் நாத்தனார் யூச்சின் வந்து, அவளுக்கும் முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். யூச்சினுக்கு மகன் வாங்கிக் கொடுத்த புது உரோமத் தொப்பி. அதன் உயரத்தில் மேடையில் இருந்த ராணிக்கு இடுப்புக்கு மேலே ஒன்றும் இல்லாமல் போயிற்று.

"தொப்பியக் கழட்டு, யூச்சின்."

"குளுருது அண்ணி."

"குளுருதுன்னா வீட்டுல கணப்புக் கட்டில்ல போய்ப் படு. நாங்க ராணி மூஞ்சியப் பாக்கணும்."

"நீங்க பாத்து என்ன ஆகப்போகுது? நீங்களா நடிக்கப்போறீங்க?"

அதற்கு ருய்லான் சொன்ன பதிலை எழுத முடியாது. மேடையில் ராணியே ஒரு நொடி பாட்டை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். ருய்லான் முக்காலியைத் தூக்கிக்கொண்டு நேரே கோயிலுக்குப் போனாள். கதவைத் திறந்து, பூட்டைச் சாவியோடு வளையத்தில் தொங்க விட்டுவிட்டு உள்ளே நுழைந்து, பெரியவரிடம் யூச்சினின் பரம்பரையைப் பற்றி விரிவாக எடுத்துச் சொன்னாள். அவர் குறுக்கே பேசவில்லை. சொல்லிச் சொல்லி அலுத்து, அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த இடத்தில் சாக்கை விரித்துப் படுத்தாள். அங்கே காற்று வராது. நல்ல தூக்கம் வரும்.

கர்ர்ர் கர்ர்ர் என்ற சத்தம் அவளை எழுப்பியது. எலியாக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். எட்டிப் பார்த்தால், டார்ச் வெளிச்சத்தில் ஒருவன் ஏணி மேல் நின்று மைனரின் கழுத்தில் ரம்பத்தை வைத்து இழுத்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் கீழே போர்வையை விரித்துத் தலையை ஏந்தத் தயாராக நின்றான். ஊரே கூத்தில் இருக்கும் என்று கணக்குப் போட்டு வந்தவர்கள்.

ருய்லானுக்குக் கை கால் நடுங்கியது. ஆனால் அவளுக்கு எது நடுங்கினாலும் வாய் நடுங்காது. பெரியவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து குரலைத் தடிமனாக்கிக்கொண்டு முழங்கினாள்.

"எவன்டா அது, எம் பக்கத்துல நிக்கறவன் கழுத்துல கைய வெக்கறது?"

ரம்பம் நின்றது.

"ரத்தம் கக்கிச் சாவீங்கடா! ஏழேழு ஜென்மத்துக்கும் கழுதையாப் பொறந்து கரி சுமப்பீங்க! உங்க வம்சத்துல ஒருத்தனுக்கும்…"

அந்த நேரம் பார்த்து மண் தூசி தொண்டையில் ஏறியது. இருமல் பிடித்துக்கொண்டது. லேசில் நிற்கிற இருமல் இல்லை அவளுடையது.

ஏணியில் இருந்தவன் கேட்டான்: "புத்தருக்கு எப்படா சளி புடிச்சுது?"

கீழே இருந்தவன் சின்ன வயசுக்காரன். "அண்ணே, போயிரலாம்ணே" என்றான்.

"அட போடா. யாரோ கெழவி. ஏய், வெளிய வா."

கெழவி என்ற வார்த்தை ருய்லானுக்குக் கோபத்தைக் கிளப்பியது. முக்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தாள். ஏணிக்காரன் குதித்து அவளைப் பிடிக்க வந்தான். காலையில் தூறல் போட்டதால் உதிர்த்த சோளத்தை அவள் உள்ளே கொண்டுவந்து கதவோரம் கொட்டியிருந்தாள். எங்கே கால் வைக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. சோளத்தின் மேல் கால் வைத்தவன் இரண்டு காலும் வானத்தைப் பார்க்க மல்லாந்து விழுந்தான். சின்னவன் அவன் மேலேயே இடறி விழுந்தான். ருய்லான் வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள்.

அதுவரை எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிட்டது. பிறகுதான் சிக்கல். அவள் கத்தினாள். ஒலிபெருக்கியில் ராணி அதைவிடச் சத்தமாகத் தன் புருஷனுக்காக ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் ஆளைக் கூட்டிவரலாம் என்றால் அதற்குள் இவர்கள் கதவை உடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். உள்ளே ரம்பம் மறுபடியும் ஓடுகிற சத்தம் கேட்டது, இப்போது கதவில்.

"டேய்! அந்தக் கதவும் பழசுடா பாவிகளா! அதை அறுத்தா தனிக் கேசு!"

ரம்பம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துப் பெரிய திருடன் குரலை இனிப்பாக்கிக்கொண்டு பேசினான்.

"அக்கா, ஒரு நிமிசம் பேசலாமா?"

"இப்பத்தான கெழவின்ன?"

"இருட்டுல தெரியலக்கா. இங்க பாருங்க, தலையை வித்தா உங்களுக்கும் ஒரு பங்கு தந்துர்றோம்."

நாடகம் முடிகிற வரைக்கும் இவர்களைப் பேச்சில் கட்டிப்போட வேண்டும் என்று ருய்லானுக்கு அப்போதுதான் தோன்றியது. பேரம் பேசுவதில் சந்தைக்காரர்களே அவளுக்குப் பயப்படுவார்கள். கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"எவ்வளவு பங்கு?"

அவன் சொன்னான். அவள் சிரித்தாள். அவன் ஏற்றினான். அவள், பணமே வேண்டாம், நாத்தனார் யூச்சின் வைத்திருக்கிற மாதிரி ஒரு தொப்பி வேண்டும் என்றாள். சரி என்றான். நரித்தோல் தொப்பி என்றாள். அதற்கும் சரி என்றான். அப்படியென்றால் இரண்டு தொப்பி, ஒன்று மாற்றிப் போட. அவன் பல்லைக் கடிக்கிற சத்தம் கதவைத் தாண்டிக் கேட்டது.

"சித்தி" என்று நடுவில் சின்னவனின் குரல் பரிதாபமாக வந்தது. "எனக்கு அவசரமா ஒண்ணுக்கு வருது."

"அடக்கு."

"முடியல சித்தி."

"மகனே, ஒரு சொட்டு உள்ள விழுந்துச்சு, உன்னைப் பெரியவரோட சேத்து அடுத்த ஆயிரம் வருசத்துக்கு உள்ளயே வெச்சுருவேன். உம் பேரென்ன?"

"எர்ஷான்."

"டேய், பேரச் சொல்லாதடா!" என்று பெரியவன் அதட்டினான்.

"எந்த ஊரு எர்ஷான்?"

எர்ஷான் ஊரையும் சொன்னான், அம்மா பெயரையும் சொன்னான். அவசரத்தில் இருக்கிறவனிடம் எதைக் கேட்டாலும் வரும். சுவருக்குச் சாந்து பூசுகிற வேலைக்கு என்று சொல்லித்தான் அண்ணன் தன்னைக் கூட்டி வந்தார் என்று அழுதான். பெரியவன் அவனை அறைந்தான். அவன் திருப்பி அறைந்தான். கடைசியில் ருய்லான் வாசலில் கிடந்த ஒரு காலி வினிகர் புட்டியைக் கதவின் கீழ் இடுக்கு வழியாக உள்ளே உருட்டிவிட்டாள்.

ராணியின் புருஷன் ஒருவழியாக உயிரோடு திரும்பி வந்து, மத்தளம் அடித்து நாடகம் முடிந்தபோது ருய்லானுக்குக் குரல் கட்டிப் போயிருந்தது. முதலில் மேடேறி வந்தது யூச்சின்தான், விட்ட சண்டையைத் தொடர. கதவுக்குள்ளிருந்து ஆண் குரல் கேட்டதும் அவள் அண்ணியைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "எங்க அண்ணன் சுரங்கத்துல சாவறாரு, இங்க கோயிலுக்குள்ளயா…" என்று ஆரம்பித்தாள்.

"திருடங்கடி, மக்கு! போய் பாவோதியானக் கூப்பிடு!" என்றாள் ருய்லான். வாயிலிருந்து காற்றுதான் வந்தது. சைகையில் சொல்லிப் புரியவைக்கவேண்டியதாயிற்று.

போலீஸ் வந்தது. திருடர்கள் இருவரும் ஜெயிலுக்குப் போனார்கள். மைனரின் கழுத்தில் பாதி அறுத்த வெட்டு. ஏணி சரிந்தபோது வலக்கை விரல் ஒன்றும் உடைந்து விழுந்திருந்தது. ருய்லான் அன்று இரவு பெரியவரைக்கூடப் பார்க்காமல் மைனரின் காலடியில் உட்கார்ந்து அழுதாள். "என்னைத் திட்டு. பூட்டைத் தொங்கவிட்டுட்டுப் படுத்தது நாந்தான்" என்றாள். யாரையும் அப்படிக் கெஞ்சி அவளுக்குப் பழக்கமில்லை என்பதால், சீக்கிரமே எழுந்து, "சரி, நீயும் கொஞ்சம் கத்தியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மாவட்டத்தில் மேடை போட்டு அவள் மார்பில் பெரிய சிவப்புத் துணிப்பூ குத்தினார்கள். பண்பாட்டு மரபின் மேல் கொண்ட பற்றுதான் தன்னை அங்கே நிறுத்தியது என்று நாலு வார்த்தை பேசச் சொல்லி ஓர் அதிகாரி முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தார். ருய்லான் மைக்கைப் பிடித்தாள். "நாத்தனார் தொப்பியால சண்டை. கோவிச்சுக்கிட்டுத் தூங்கப் போனேன்" என்றாள். கூட்டம் கைதட்டியது. அதிகாரி தட்டவில்லை. பத்திரிகையில் வந்த படத்தில் புத்தரின் காலடியில் சோளக் குவியலும் காவல் தெய்வத்தின் கையில் மிளகாயும் தெளிவாக விழுந்திருந்தன. அடுத்த வாரமே உத்தரவு வந்தது: சோளம் கூடாது, மிளகாய் கூடாது, மாஜோங் கூடாது. மாஜோங் மேசை கோயில் வாசலுக்கு வெளியே போயிற்று. சோளம் யூச்சின் வீட்டுப் புது மொட்டைமாடிக்குப் போயிற்று, அதற்காக அவள் யூச்சினுடன் ராசியாகவேண்டியிருந்தது. அந்த உத்தரவில் அவளுக்குப் பெரிய வலி அதுதான்.

வருடங்கள் போயின. லாய்ஷுன் சுரங்க வேலையை விட்டு வீட்டோடு வந்தான், அப்போதும் பேசவில்லை. கோயில் கதவில் அவளுடைய கைபேசி எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டினார்கள். ஒருநாள் அது அடித்தது. கோயில் பார்க்க வேண்டும் என்றது ஓர் ஆண் குரல். ருய்லான் கடைவாய்ப் பல் வீங்கி, கன்னத்தைத் துணியால் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். எழுந்து போனாள்.

முன்தலை வழுக்கை விழுந்த ஒருத்தன் மூன்று சக்கர வண்டியோடு நின்றிருந்தான். அவள் அவன் முகத்தை அன்று சரியாகப் பார்த்ததே இல்லை. "சித்தி" என்றான். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவ்வளவு நேரம் கேட்ட குரல், மறக்குமா?

"எர்ஷானா?"

அவன் தலையைக் குனிந்தான். "தண்டனை முடிஞ்சு வந்து ரொம்ப வருசமாச்சு. அம்மா போன மாசம் போயிட்டாங்க. ஒருதடவை வந்து மன்னிப்புக் கேட்டுட்டு வாடான்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

ருய்லான் பூட்டைத் திறந்தாள். "பெரியவருகிட்டக் கேக்காத. அவரு எல்லாத்துக்கும் சரிம்பாரு. அதோ, அவங்கிட்டக் கேளு" என்று மைனரைக் காட்டினாள். ஒட்டுவேலைக்காரர்கள் வைத்த விரல் கொஞ்சம் கோணலாக, யாரையோ வாடா என்று கூப்பிடுவதுபோல் இருந்தது. எர்ஷான் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்து வெகுநேரம் எழவில்லை. ருய்லான் வெளியே வந்து நின்றாள். சாவி கையிலேயே இருந்தது.

அவன் வந்ததும் பூட்டிவிட்டு, வண்டியைப் பார்த்தாள். "இது டவுன் வரைக்கும் போவுமா?"

"போகும் சித்தி."

"பல்லுப் புடுங்கணும். ஏத்திட்டுப் போ."

வண்டி மலைப்பாதையில் குலுங்கிக் குலுங்கி இறங்கியது. ஒவ்வொரு குழிக்கும் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவனைத் திட்டினாள். பாதி வழியில் கேட்டாள்:

"அந்தப் பெரிய திருடன் என்ன ஆனான்?"

"கோழிப் பண்ணை வெச்சிருக்கான்."

"நல்லா ஓடுதா?"

"எங்க? ராத்திரியில யாரோ கோழியத் திருடிட்டுப் போயிர்றாங்களாம்."

ருய்லானுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் பல் வலித்தது. "சிரிக்க வெக்காதடா, நாசமாப் போறவனே" என்று அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "பாத்து ஓட்டு, முன்னால பள்ளம்."