தொட்டியிலிருந்து நழுவும் கல்

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் ஒரு கணக்கு வரும். மேலே ஏறிக்கொண்டிருக்கும் பலூனிலிருந்து ஒரு கல் நழுவுகிறது. தரையைத் தொட எத்தனை விநாடி ஆகும்? கள்ளக்குறிச்சியில் நான் பாடம் நடத்தும் வகுப்பில் பாதிப் பேர் தொடக்கத் திசைவேகத்தைச் சுழி என்று போட்டுவிடுவார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பலூன் ஏறும்போது அதிலிருக்கும் கல் மட்டும் சும்மா நிற்குமா? நழுவிய பிறகும் அது கொஞ்சம் மேலே போய், நின்று, அப்புறம்தான் கீழே வரும். பலூனை அழித்துவிட்டு இரும்புத் தொட்டி என்று எழுதுவேன். என் அப்பா கிணறு வெட்டுகிறவர்.

கல்வராயன் மலையடிவாரத்தில் கோடை வந்தால் கிணற்றுத் தண்ணீர் கீழே இறங்கிவிடும். அதைத் துரத்திக்கொண்டு கிணறு வெட்டுகிறவர்களும் இறங்குவார்கள். பாறைக்கு வெடி வைத்து, உடைந்த கல்லைத் தொட்டியில் நிரப்பி, கிரேனால் மேலே தூக்குவார்கள். அடியில் நின்று நிரப்புவது அப்பாவின் வேலை. தொட்டியிலிருந்து கல் நழுவினால் கரையில் நிற்பவர்கள் ‘கல்லு’ என்று மட்டும்தான் கத்த வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கீழே இருப்பவர் அண்ணாந்து பார்த்துவிடுவார். ‘கல்லு’ என்று கேட்டதும் மேலே பார்க்காமல் சுவரோடு ஒட்டிக்கொள்வதுதான் அவர்கள் வழக்கம்.

இந்தக் கோடையில் அவர்கள் வேலைக்குப் பிடித்த கிணறு ரொம்ப ஆழம். இருபது மீட்டர் உயரத்தில் கல் நழுவுவதாக வைத்துக் கணக்குப் போட்டேன். முடுக்கம் மாறாது, தொட்டியின் வேகம் மேல்நோக்கி விநாடிக்கு இரண்டு மீட்டர். இரண்டு விடை வந்தது. குறை எண்ணில் வந்ததைத் தள்ளினால் மிச்சம் இரண்டு விநாடியும் சொச்சமும். அடியைத் தொடும்போது சேலம் பஸ்ஸின் வேகம் இருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, இந்த வேலை போதும் என்று சண்டை பிடித்தேன்.

“ரெண்டு செகண்டா? அது ஜாஸ்திம்மா,” என்று சிரித்தார். “மேலருந்து சத்தம் குடுத்தா செவுத்தோட ஒட்டிக்கினு நின்னுடப் போறேன். கல்லு இன்னா பண்ணும்?”

எனக்கும் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. கணக்கும் அவர் பக்கம்தானே பேசியது.

ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சோறு எடுத்துக்கொண்டு அந்தக் கிணற்றுக்குப் போனேன். நான் எட்டிப் பார்த்தபோது குவியலாக நிரப்பிய தொட்டி ஆடிக்கொண்டே மேலே வந்துகொண்டிருந்தது. கரையை நெருங்கும்போது ஒரு கல் நழுவியது. கண் இமைக்கும் நேரம் அது தொட்டியோடு கூடவே ஏறுவது போல இருந்தது. கரையில் இருந்த எல்லோரும் “கல்லு! கல்லு!” என்று கத்தினார்கள். கிணறு முழுக்க அந்தச் சத்தம் சுற்றி வந்தது.

அப்பா நகரவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டி, குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில், கல் சேற்றுக்குள் இறங்கியது. பிடரியில் தெறித்த சேற்றைத் துடைத்துவிட்டு அவர் அடுத்த கல்லைத் தூக்கினார்.

மேலே வந்து சாப்பிட உட்கார்ந்தவரிடம் கத்தினேன். “ஏம்பா ஒதுங்கல? எல்லாரும் கல்லு கல்லுன்னு கத்தினாங்களே!”

“எந்தக் கல்லு?” என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே.

கிரேன் ஓட்டுகிறவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “வெடிச் சத்தத்துல அண்ணனுக்கு காது போயி ரொம்ப நாளாச்சு. உனுக்குத் தெரியாதாம்மா?”

தெரியாது. வகுப்பில் கத்திப் பழகிய தொண்டை வீட்டிலும் கத்தும். எதிரே உட்கார்ந்து பேசினால் அவரும் பதில் சொல்லிவிடுவார். நான் கணக்குப் போட்டுக் கொடுத்த இரண்டு விநாடியில் ஒரு துளிகூட அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததில்லை.

நான் திரும்புவதற்குள் அவர் கை கழுவிவிட்டுத் தொட்டியில் ஏறி, இறக்கு என்று சைகை காட்டியிருந்தார். தொட்டி இறங்கத் தொடங்கியது.

“அப்பா, வேணாம்பா!” என்று என்னால் முடிந்த மட்டும் கத்தினேன்.

கரையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா பார்க்கவில்லை.