முப்பத்தொன்பதும் நாற்பத்து மூன்றும்

என் வீட்டுக்காரருக்கு அந்த ஜீப்பின் மேல் இருந்த நம்பிக்கையில் காலணாப் பங்கு என் பேச்சின் மேல் இருந்திருந்தால், நான் வாத்தியாரம்மாவாகியிருப்பேன். இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் வயிறு எரியத்தான் செய்கிறது.

யுத்தம் முடிந்து ராணுவம் ஏலம் விட்ட ஜீப் அது. கொசஸ்தலை ஆற்றுக்கு அக்கரையில் எங்கள் ஊர். நெல் மூட்டையை ஏற்றிக்கொண்டு ஆற்று மணலில் இறங்கி ஏறுவதற்கென்றே வாங்கினார். தார் ரோட்டில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும். மணல் வந்தால் கியர் குச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டைக் குச்சியைத் தள்ளினால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். அளவுக்கு மேல் மூட்டை ஏற்றியதில் பின் அச்சுக்குள் இருக்கிற பெரிய பல்சக்கரம் ஒருநாள் பல் உடைந்து போயிற்று. திருவள்ளூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். பட்டணத்துப் பழைய சாமான் கடையில் வேறொரு ஜீப்பின் பல்சக்கர ஜோடி கிடைத்ததென்று கொண்டுவந்தார்.

கழற்றியதையும் வந்ததையும் மண்ணெண்ணெயில் கழுவியது நான்தான், வேறு யார் கழுவுவார்கள்? கை சும்மா இருக்காதே, எண்ணினேன். பழையதில் உடைந்த பல்லையும் சேர்த்து முப்பத்தொன்பது. புதியதில் நாற்பத்து மூன்று. அதை ஓட்டுகிற சின்னச் சக்கரத்துக்கு இரண்டிலும் எட்டே பல். அப்போது ராப்பகலாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆசிரியைப் பயிற்சியில் சேர அந்த மாதம் பரீட்சை, வயது வரம்புப்படி எனக்கு அதுதான் கடைசி வருஷம். எட்டால் வகுத்தேன். வண்டிச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, பழையதில் இன்ஜின் பக்கமிருந்து வருகிற தண்டு நாலே முக்காலே அரைக்கால் சுற்றும். புதியதில் ஐந்தே காலே அரைக்கால். முன் அச்சில் இருப்பது பழைய கணக்கு. நாலு சக்கரமும் சேர்ந்தால் முன்சக்கரம் வேகமாக ஓடப் பார்க்கும், பின்சக்கரம் பிடித்து இழுக்கும். வண்டி என்னத்துக்கு ஆகும்?

சொன்னேன். மெக்கானிக் என்னைப் பார்க்கவே இல்லை, இவரிடம்தான் சிரித்தார். அதுவும் ஜீப்பு, இதுவும் ஜீப்பு, போல்ட்டு ஓட்டையெல்லாம் அச்சாய்ப் பொருந்துகிறது, அப்புறம் என்ன என்றார். இவரும் கூடவே சிரித்தார்.

"நாலு பல்லு ஜாஸ்தி இருந்தா நல்லாத்தானே கடிக்கும்? பேஜாரு பண்ணாம போய்ப் படி."

மாட்டிவிட்டு ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். பின்சக்கரம் மட்டும்தானே இழுக்கிறது, நன்றாகத்தான் ஓடிற்று. திரும்பி வந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

பரீட்சையன்று, மாட்டுவண்டி கட்டுங்கள், கடம்பத்தூரில் ரயிலேறித் திருவள்ளூருக்கு நானே போய்க்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். கேட்டாரா? பரீட்சைக்கூட வாசலிலேயே இறக்கிவிடுவேன் என்று சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு நின்றார். ஆசையாகத்தான் சொன்னார். அதனால்தான் ஏறித் தொலைத்தேன்.

மணலில் குச்சியைத் தள்ளினார். சக்கரம் வழுக்க மணலில் இடம் இருந்ததால் வண்டி மறுகரைக்கு ஏறிவிட்டது. "பாத்தியா?" என்றார். கெட்டியான ரோட்டுக்கு வந்ததும் குச்சியைத் திரும்ப இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார், காலால் உதைத்தார். முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கியதில் இறுகிக் கிடந்தது. சரி, நாலு சக்கரத்திலேயே போவோம் என்று அழுத்தினார். டயர் கீச்சிட, வண்டி விக்கி விக்கி இரண்டு பர்லாங்கு போயிற்று. காலுக்கடியில் டமார் என்றது. முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டத்தைப் பிரித்துக்கொடுக்கிற பெட்டிக்குள் பல் நொறுங்கிவிட்டது. அதற்குமேல் அசையவில்லை. நான் ஏற வேண்டிய ரயில் தூரத்தில் புகை விட்டுக்கொண்டு போனது. 

நடந்தோம். பாதி வழியில் ஒரு மாட்டுவண்டி ஏற்றிக்கொண்டது. பத்து மணிப் பரீட்சை, பத்தரைக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். போய்ச் சேரும்போது பதினொன்று ஆகப்போகிறது. வாசலில் இருந்த குமாஸ்தா என் நுழைவுச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை. அடுத்த வருஷம் வரச் சொன்னார். வழியில் ஜீப் உடைந்துவிட்டது, அடுத்த வருஷம் இவளுக்கு வயது தாண்டிவிடும் என்று இவர்தான் சொன்னார். அப்படியென்றால் வண்டியைச் சரிபார்த்து எடுத்திருக்கக் கூடாதா என்று கேட்டார் குமாஸ்தா.

"இவ சொன்னா சார். பல்லெல்லாம் எண்ணி, கணக்குப் போட்டு சொன்னா. நான்தான் சிரிச்சிக்கினு வுட்டுட்டேன்."

கண் கலங்கித்தான் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை, ஆத்திரம்தான் பொங்கியது. முன்பின் தெரியாத ஆளிடம், ஒரு பிரயோஜனமும் இல்லாத நேரத்தில், எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை! அதை மெக்கானிக் முன்னால் சொல்லியிருந்தால் நான் அந்நேரம் உள்ளே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன்.