ஆறு மணிக்கு மேல் கொடிவீரன்

எதிர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் கொடியை இறக்கினார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எழுபதுகளில், மயிலாப்பூர் வீட்டில், நானும் அக்காவும் நோட்டில் ஒரு காமிக்ஸ் வரைந்தோம். நாயகன் கொடிவீரன், கொடிக்கம்பத்தில் இடி விழுந்தபோது சக்தி பெற்ற டிரில் மாஸ்டர். கையில் தேசியக் கொடி இருந்தால் பறப்பான், குண்டு துளைக்காது.

அப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். "சூரியன் அஸ்தமிச்சா கொடியை இறக்கிடணும்டி. சட்டம்!"

கொடி இல்லாவிட்டால் அவன் வெறும் டிரில் மாஸ்டர். திருடர்களோ இருட்டில்தான் வருவார்கள். அக்கா அழவே ஆரம்பித்துவிட்டாள்.

தோசை வார்த்துக்கொண்டிருந்த அம்மா திரும்பினாள். "ஏண்டி, அவனுக்கு ஆம்படையா இருப்பாளோன்னோ? அவளுக்கு ஆறு மணிக்கு மேலதானே வேலையே ஆரம்பிக்கும்!"

அடுத்த பக்கத்தில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தோசைத் திருப்பியோடு ஒருத்தி தெப்பக்குளத்துக்கு மேலே பறந்தாள். அம்மாவின் அதே மூக்குத்தி.

அப்பா மறுபடியும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். சட்டம் ஒன்றும் கிடைக்கவில்லை.