கடைசி மூட்டை மேஸ்திரிக்கு

பிச்சமுத்துவின் வலது உள்ளங்கையைச் சுற்றிக் கட்டு. அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல் நுனிகள் புத்தகத்தை அழுத்திப் பிடித்திருக்க, இடது கை கோணி ஊசியை அதன் முதுகில் இறக்கியது. சணலிலிருந்து பிரித்த ஒற்றை இழை, மெழுகுவத்தியில் இழுத்து வழுவழுப்பாக்கியது. தையல் கொஞ்சம் கோணினாலும் பிரித்துவிட்டு மறுபடி. புத்தகத்தின் நடுவே, அட்டையிலிருந்து அட்டைவரை, ஒரு துளை. அதைச் சுற்றி ரத்தம் காய்ந்து பழுப்பேறியிருந்தது. அந்த வழியாகத்தான் மூட்டை தூக்கும் கொக்கி உள்ளங்கைக்குள் போயிருந்தது.

பிச்சமுத்து திருச்சியில் ஒரு பருப்பு மண்டியின் மேஸ்திரி. லோடுமேன்களுக்குத் தலைவர். அவருக்கு முன்னால் மேஸ்திரியாக இருந்த மாத்ருபூதம் கையால்தான் பேசுவார். மூட்டை கிழிந்தால் அறை, தாமதமானால் அறை. பிச்சமுத்துவின் இடது காது கேட்காமல் போனது அப்படித்தான். மாத்ருபூதத்தை, அவரிடம் அடிவாங்கிய இருவர், ஸ்ரீரங்கம் போகும் வழியில் காவிரிப் பாலத்தின் மேல் வைத்து வெட்டினார்கள். பாலத்தில் கிடந்த தலையில்லாத உடம்பை அடையாளம் காட்டப் போனவர் பிச்சமுத்து. திரும்பி வந்ததும் மற்றவர்கள் அவரையே மேஸ்திரியாக்கினார்கள்.

அடிக்காமல் மேஸ்திரியாக இருப்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. யாரும் அப்படி இருந்து அவர் பார்த்ததில்லை. எட்டாவதோடு படிப்பு நின்றாலும் பருப்புப் பொட்டலத்துக் காகிதம் முதல் கட்சி நோட்டீஸ் வரை படித்து எழுத்தை விடாமல் வைத்திருந்தவர். எடமலைப்பட்டி புதூர் கிளை நூலகத்துக்குப் போய், நூலகர் அக்னஸிடம் கேட்டார்.

"மேடம், ஆளுங்கள வச்சு வேலை வாங்கறதுக்குப் படிக்கிற மாதிரி ஏதாவது இருக்குங்களா?"

"தலைமைப் பண்புன்னு ஒரு வரிசையே இருக்கு அண்ணே. ஐஏஎஸ் எழுதற பசங்கதான் எடுப்பாங்க. முதல்ல இத எடுத்துட்டுப் போங்க."

அவர் மெதுவாகப் படிப்பவர். ஒரு பாடத்தை மண்டியில் செய்து பார்க்காமல் அடுத்ததற்குப் போகமாட்டார். பேரைச் சொல்லிக் கூப்பிடு என்றது முதல் பாடம். கூப்பிட்டார், வேலை நடந்தது. எல்லோருக்கும் முன்னால் திட்டாதே என்றது அடுத்தது. அதுவும் பலித்தது. நாலாவது பாடம், முக்கியமான வேலையை நீயே வைத்துக்கொள்ளாமல் நம்பிக்கையான ஒருவரிடம் கொடு என்றது.

மண்டியில் முக்கியமான வேலை என்றால் கடைசி மூட்டைதான். லாரியில் கடைசியாக மிஞ்சும் மூட்டையை மேஸ்திரி சுமப்பார். அது தரையைத் தொட்டதும் எல்லோரும் தங்கள் கொக்கியைச் சுவரில் இருக்கும் கம்பியில் மாட்டிவிடுவார்கள். அதுவரை கொக்கி கையில் இருக்கும்.

கொக்கி குத்திய அன்று காலை அவர் அந்த மூட்டையை இளம் லோடுமேன் அன்புச்செல்வனுக்குக் கொடுத்துவிட்டு, தராசுப் பக்கம் உட்கார்ந்து ஐந்தாவது பாடத்தைப் பிரித்தார். அன்புச்செல்வன் மூட்டையோடு லாரியிலிருந்து பலகையில் இறங்கும்போது கீழே நின்ற பீமராவ் சிரித்தான். அவன் அன்புச்செல்வனைவிட மூத்த ஆள்.

"என்ன மாப்ளே, மேஸ்திரி பொண்ணையும் சேர்த்துத் தூக்கிட்டியா?"

அன்புச்செல்வன் மூட்டையை அவன் மார்பின் மேல் வீசினான். தையல் பிய்ந்து துவரம்பருப்பு சிதறியது. பீமராவ் விழுந்து எழுந்தான். கொக்கி கையில் இருந்தது. எல்லோர் கையிலும் இருந்தது. பீமராவின் கொக்கி அன்புச்செல்வனின் வாயோரத்தில் நுழைந்து காதுவரை கிழித்துக்கொண்டு வந்தது. கன்னம் திறந்து உள்ளே பல் தெரிந்தது. அடுத்த வீச்சு கழுத்துக்கு. பிச்சமுத்து குறுக்கே புகுந்து கையை உயர்த்தினார். கையில் புத்தகம் இருந்தது. கொக்கி இரண்டையும் சேர்த்துக் குத்தியது. பீமராவ் கொக்கியை விட்டுவிட்டு ஓடினான். பருப்பெல்லாம் சிவப்பாகிவிட்டது.

புத்தூர் ஆஸ்பத்திரிக்கு அன்புச்செல்வனின் அண்ணன் ஆசீர் வந்தான். முன்பு இதே மண்டியில் மூட்டை சுமந்தவன், இப்போது கறிக்கடை வைத்திருக்கிறான். தம்பியின் முகத்தைப் பார்த்தான்.

"கேஸ் குடுக்காதீங்க மேஸ்திரி. உள்ள போயிட்டான்னா என் கைக்குக் கெடைக்க மாட்டான்."

"ஆசீரு..."

"ஆட்டை எப்படித் துண்டு போடுவேன்னு பாத்திருக்கீங்கல்ல?"

பிச்சமுத்துவுக்கு மீண்டும் பாலம் நினைவுக்கு வந்தது. உள்ளங்கைத் தையல் ஆறுவதற்குள் பஸ் ஏறி உப்பிலியபுரம் போனார். பீமராவ் அங்கே அக்கா சந்திரம்மாளின் வீட்டில், மாட்டுக்கொட்டகையில் ஒளிந்திருந்தான்.

"வந்தா வெட்டுவாங்க மேஸ்திரி."

"வரலேன்னாலும் வெட்டுவாங்க. இங்க வச்சு வெட்டுனா உங்கக்கா பாப்பா."

"நான் குத்துனதுக்கு நீங்க எதுக்கு வந்தீங்க?"

"கடைசி மூட்டைய நான் தூக்கியிருந்தா உன் கொக்கி கம்பில தொங்கியிருக்கும்டா. கெளம்பு."

மறுநாள் காலை பீமராவ் மண்டியில் மூட்டை சுமந்தான். யாரும் அவனோடு பேசவில்லை. ஒருவன் அவன் காலடியில் துப்பினான். இன்னொருவன் வேண்டுமென்றே தோளால் இடித்து அவனைப் பலகையிலிருந்து தள்ளினான். முழங்கால் கிழிந்து ரத்தம் ஒழுக அவன் எழுந்து தொடர்ந்தான். வாசலில் ஆசீர் நின்றிருந்தான். கக்கத்தில் கோணியில் சுற்றிய கறிக்கத்தி.

லாரியில் ஒரு மூட்டை மிஞ்சியது. யாரும் தொடவில்லை. பிச்சமுத்து கையைத் தாங்கிய தூளியைக் கழற்றிவிட்டு, தலைக்குத் துண்டைச் சுருட்டி வைத்தார்.

"மேஸ்திரி, கையில தையல் இருக்கு..."

"தெரியும். ரெண்டு பேர் தூக்கி விடணும். பீமராவ், இந்தப் பக்கம். ஆசீரு, நீ அந்தப் பக்கம்."

ஆசீர் அசையவில்லை.

"நீயும் இந்த மண்டி ஆளுதானடா. மேஸ்திரி கூப்பிட்டா வரணும்ல?"

மூட்டையைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். ஆசீர் கத்தியைத் தராசின் மேல் வைத்துவிட்டு லாரியில் ஏறினான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் மூட்டையைத் தூக்கி அவர் தலையில் வைத்தார்கள். பிச்சமுத்து வலது கையாலும் பிடித்தார். பலகையின் பாதியில் தையல் அறுந்தது. கட்டு நனைந்து, ரத்தம் முழங்கைவழி இறங்கிப் பலகையில் சொட்டியது. அவர் நிற்கவில்லை. மூட்டை தரையில் விழுந்தது. தன் கொக்கியை எடுத்துக் கம்பியில் மாட்டினார்.

ஒவ்வொரு கொக்கியாகக் கம்பியில் ஏறியது. பீமராவுடையதும்.

அப்போது ஆசீர் முஷ்டியால் பீமராவின் வாயில் குத்தினான். எலும்பு உடைந்த சத்தம் வாசல்வரை கேட்டது. பீமராவ் மண்டியிட்டு விழுந்து ஒரு பல்லைத் துப்பினான். கையைத் தூக்கவில்லை. ஆசீர் மறுபடி ஓங்கியபோது பிச்சமுத்து நடுவில் வந்தார்.

"ஒண்ணு குடுத்துட்டே. போதும்."

"என் தம்பி மூஞ்சி இனிமே அப்படியேதான மேஸ்திரி இருக்கும்?"

"இருக்கும்."

ஆசீர் ஓங்கிய கையை இறக்கினான். பிறகு தராசிலிருந்து கத்தியை எடுத்தான். கோணியைப் பிரிக்காமலே வெளியே போனான்.

பிச்சமுத்து புத்தகத்தின் தையலில் கடைசி முடிச்சைப் போட்டு இழையைப் பல்லால் அறுத்தார். முதுகில் மைதா பசை தடவிப் பழைய லுங்கித் துணியை ஒட்டினார். காய்ந்த பிறகு கையிலெடுத்து நூலகத்துக்குப் போனார்.

அக்னஸ் துளைக்குள் விரலை வைத்துப் பார்த்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டார்.

"புதுசு வாங்கித் தந்திடறேன் மேடம். இது சரிப்படாதுன்னா சொல்லுங்க."

"தையல் நல்லாத்தான் இருக்கு. இனி யாராவது வந்து கேட்டா இதையே குடுக்கட்டுமா அண்ணே?"

"குடுங்க. நாலாவது பாடத்துல பென்சில்ல ஒரு வரி எழுதியிருக்கேன். நூலகப் புத்தகத்துல எழுதக் கூடாதுதான்."

அக்னஸ் பக்கத்தைத் திருப்பினார். துளைக்குப் பக்கத்தில், கோணலில்லாத எழுத்தில் இருந்தது: கொடுக்கும் முன் அந்த வேலை எதைத் தடுத்து நிறுத்திவைத்திருக்கிறது என்று பார்.

"அழிச்சிடாதீங்க" என்று சொன்ன பிச்சமுத்து, புத்தகத்தை வாங்கி மூடி, கட்டுப் போட்ட கையையும் சேர்த்து இரண்டு கைகளாலும் அக்னஸிடம் கொடுத்தார்.