நான் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்

மைசூரில் எங்கள் தமிழ்ச் சபை என்னை வாலிபர் ஊழியராகச் சம்பளத்துக்கு வைத்தபோது, வேலை என்னவென்று யாரும் சொல்லவில்லை. வாலிபர்களைப் பார்த்துக்கொள் என்றார்கள், அவ்வளவுதான். ஞாயிறு ஆராதனை முடிந்து நான் வாசலுக்கு வருவதற்குள் ஆளுக்கொரு வேலையை என் தலையில் கட்டிவிடுவார்கள். மைக்கைச் சரிபார், நாற்காலி வாடகைக்கு எடு, விருந்தாளிக்குக் காபி வாங்கிவா. சபையில் எத்தனை குடும்பமோ அத்தனை முதலாளிகள் எனக்கு.

ஒரு சனிக்கிழமை கல்யாண அலங்காரத்துக்குப் பூ வாங்கப் பொருளாளர் என்னை தேவராஜ மார்க்கெட்டுக்கு அனுப்பினார். பூ மூட்டையோடு ஆட்டோவில் திரும்பினால் ஹால் பூட்டிக் கிடக்கிறது, சாவி என் கைப்பையில். சனிக்கிழமைதோறும் நடக்கும் வாலிபர் கூட்டத்துக்கு வந்த பிள்ளைகள் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அடுத்த கமிட்டியில் அதே பொருளாளர்தான் கேட்டார், கூட்டம் ஏன் நடக்கவில்லை, இந்த வேலைக்கு வேறு ஆள் பார்க்கலாமா என்று. எனக்குச் சுருக்கென்றது. எழுந்தேன்.

"ஆள மாத்துங்க, பரவால்ல. வர்றவங்களுக்காவது என்ன வேலை, யாருக்குப் பதில் சொல்லணும்னு சொல்லிருங்க. எனக்கு யாரும் சொல்லல."

கமிட்டியில் இருந்த, விஜயநகர்ப் பகுதியிலிருந்து வரும், நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற ஆன்ட்டி பேசினார்.

"வார்டுல ஒரு நர்ஸுக்கு ஆளாளுக்கு வேலை சொன்னா பேஷன்ட் கதி என்னாகும்? இனிமே இவளுக்கு வேலை சொல்றதும் நான்தான், கேள்வி கேக்கறதும் நான்தான்."

கிறிஸ்துமஸ் வரை பார்ப்போம் என்று கமிட்டி அரைமனதாக ஒப்புக்கொண்டது. ஆன்ட்டி என்னிடம் சொன்ன வேலை இரண்டே இரண்டு. சனிக்கிழமைக் கூட்டம் எதற்காகவும் நிற்கக் கூடாது. வராமல் நின்றுபோன பிள்ளைகளில் இரண்டு பேரையாவது வாராவாரம் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

அந்தச் சனிக்கிழமையே சோதனை வந்தது. ஹாலைத் திறக்கும் நேரத்தில் போதகர் போனில் கூப்பிட்டார். பெங்களூரு விருந்தாளி ஸ்டேஷனில் நிற்கிறாராம், போய் அழைத்துவர வேண்டுமாம். "ஆன்ட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க ஐயா" என்றேன். சற்று நேரத்தில் போதகர் தம் ஸ்கூட்டரிலேயே ஸ்டேஷனுக்குப் புறப்பட்டுப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

இன்றைக்குக் கதவு திறந்திருக்கிறதே அக்கா என்று பிள்ளைகள் கன்னடத்தில் கேலி செய்துகொண்டே வந்தார்கள். பாட்டும் பேச்சுமாக ஹால் இரண்டுபட்டது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ஆன்ட்டி, முடிந்ததும் என்னிடம் வந்தார். பாராட்டப் போகிறார் என்று பூரித்துப்போய் நின்றேன்.

"ரெண்டு பேர வீட்ல போய்ப் பாக்கணும்னு சொன்னேனே, பாத்தியா?"

"ஒருத்தியத்தான் ஆன்ட்டி பாத்தேன்."

"இன்னொருத்தர்?"

இத்தனை காலத்தில் பூவைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், நாற்காலியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகளைப் பற்றி ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை. இதோ போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஹால் சாவியை அவர் கையில் கொடுத்துப் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன்.