செங்கல்லுக்குச் சுற்றிப் போட்ட மிளகாய்

காய்ந்த மிளகாயை நெருப்பில் போட்டால் தொண்டை கமறும், கண்ணில் நீர் கொட்டும், பக்கத்து வீட்டுக்காரர் தும்முவார் என்பது உலகத்துக்கே தெரிந்த சங்கதி. படப்பையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டிலோ அந்த நெடி வரக்கூடாது. தம்பி தினேசுக்கு உடம்பு சுட்டால் போதும், அம்மா உப்பையும் மிளகாயையும் கைக்குள் மூடி அவனைச் சுற்றி, வாசலில் வெந்நீர் போடும் விறகடுப்பில் எறிந்துவிட்டு மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பாள். நெடி வராவிட்டால், "எம்மாங் கண்ணு பட்டுகீது பாரு, எல்லாம் எரிஞ்சி போச்சி" என்று அவளுக்கு நிம்மதி. வந்துவிட்டாலோ, "நெருப்பு சரியில்ல, இன்னும் ரெண்டு மிளகா கொண்டா" என்பாள். தோற்கவே முடியாத இந்தப் பரீட்சை, எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த எனக்கு, அதுவும் வகுப்பிலேயே பெரிய வாயாடியான எனக்கு, கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஒன்றை மட்டும் மாற்று, மற்றதையெல்லாம் அப்படியே வை என்று அறிவியல் ஆசிரியை சொல்லிக்கொடுத்திருந்தார். மாற்றிப் பார்த்தேன். பக்கத்து மனையில் யாரோ வீடு கட்டக் குவித்திருந்த செங்கல்லில் ஒன்றை எடுத்துவந்து வாசலில் உட்காரவைத்து, "ஊரு கண்ணு, உறவு கண்ணு, நாய் கண்ணு, நரி கண்ணு" என்று அம்மாவைப் போலவே முணுமுணுத்து, உப்பையும் மிளகாயையும் அதற்குச் சுற்றி அடுப்பில் போட்டேன். துளி நெடி இல்லை! கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, கழுத்தில் அடையாள அட்டை ஆட வந்துகொண்டிருந்த அம்மாவிடம் தெருமுனைக்கே ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் நடையைக்கூட நிறுத்தவில்லை.

"புது வூட்டு செங்கல்லாச்சே. ஊரு கண்ணு மொத்தமும் அதும் மேலதான கீது."

வயலெல்லாம் மனைக்கல் முளைத்துக்கொண்டிருந்த ஊரில், புது வீட்டைப் பார்த்து ஏங்காத கண் எது என்று நான் எப்படி வாதாடுவது?

ஆனாலும் விடவில்லை. டாக்டரிடம் ஊசியும் போட்டு வீட்டில் மிளகாயும் சுற்றினால் காய்ச்சல் எதனால் போனது என்று எந்தக் காலத்திலும் தெரியாதே! அடுத்த மழைக்காலத்தில் தினேசு மறுபடி படுத்தபோது, இந்தத் தடவை மாத்திரை மட்டும்தான் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அம்மா ஒரகடத்தில் கார்களுக்கான பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இருந்தாள். அங்கே ஒவ்வொரு தொகுப்பிலும், அதாவது அவர்கள் பேச்சில் ஒவ்வொரு 'லாட்'டிலும், நல்லதாக ஒன்றை எடுத்து ஒடியும்வரை வளைத்துப் பார்ப்பார்களாம். மற்றவை தாங்குமா என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்வார்களாம்.

"கம்பெனில லாட்டுக்கு ஒண்ண ஒடச்சிப் பாப்போம்," என்றாள் அம்மா. "எனக்கு லாட்டே ரெண்டு பேருதான்டி."

பிறகு என்ன நினைத்தாளோ, மிளகாயை எடுத்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். மாத்திரையை வேளைக்குக் கொடு என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். அப்பா லாரியோடு வெளியூரில். பக்கத்து போர்ஷன் மேரி அக்கா அவ்வப்போது எட்டிப் பார்த்தாள்.

வேளைக்குக் கொடுத்தேன். உச்சிப்பொழுதில் காய்ச்சல் ஏறியது. என்னை அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், நான் யாரென்றே தெரியாதவன் மாதிரி பார்த்தான். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் விடை தெரிந்துவிடும் என்று ஒரு மனம் சொன்னது. விடையாவது மண்ணாங்கட்டியாவது! மேரி அக்காவைக் கூவி அழைத்தேன். அவள் அவன் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுக் கண்ணை மூடி ஜெபம் செய்ய ஆரம்பிக்க, நான் ஃபிரிட்ஜ் மேலிருந்த மிளகாயை எடுத்து, ஊரு கண்ணு உறவு கண்ணு என்று அழுதுகொண்டே சுற்றி அடுப்பில் எறிந்தேன்.

சாயங்காலம் வேர்த்துக் கொட்டி, இட்லி வேண்டும் என்றான். மாத்திரையா, மிளகாயா, ஈரத்துணியா, மேரி அக்காவின் ஏசுவா? அம்மா அடுப்புச் சாம்பலைப் பார்த்தாள், என் வீங்கிய முகத்தைப் பார்த்தாள், திட்டவுமில்லை, சிரிக்கவுமில்லை.

"நெடி வந்துச்சா?"

தெரியவில்லை. அழுது அழுது என் மூக்கு அடைத்துக் கிடந்தது.

சோதிக்கிறவள் சோதனைக்கு வெளியே நிற்க வேண்டும் என்கிறார்கள். நான் இப்போது ஒரகடத்தில் ஒரு சோதனைக்கூடத்தில்தான் வேலை செய்கிறேன். இரும்பை வளைக்கும்போது வெளியே நிற்பது சுலபம். தம்பி கிடக்கிற பாய்க்கு வெளியே எங்கே நிற்பது என்றுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

செங்கல் எடுத்த மனையில் அடுக்குமாடி வந்துவிட்டது. அதே தெருவில் எங்களுக்கும் ஒரு வீடு: இண்டக்‌ஷன் அடுப்பு, கீசர், நெருப்பே கிடையாது. போன மாதம் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் தினேசுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. அம்மா என் கைப்பேசியில் இருந்த அவன் படத்தைச் சுற்றிவிட்டு, மூடிய கையோடு தணல் தேடிக் கீழே போனாள். இஸ்திரிக்காரரும் கேஸ் பெட்டிக்கு மாறிவிட்டாராம். கடைசியில் நான்தான் பால்கனியில் அகலில் கற்பூரம் ஏற்றிக் கொடுத்தேன். சில வருடங்களுக்கு முன் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அம்மாவுக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை. மிளகாயைப் போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"நெடி வருதாடி?"

காற்று என் பக்கம்தான் வீசியது. தொண்டை கமறியது. சோதனைக்கூடத்தில் இப்படிச் செய்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இருமலை விழுங்கிக்கொண்டு, "வரலம்மா" என்றேன்.

அம்மா நிம்மதியாக மூச்சு விட்டாள். "சரி, மாத்திரைய வேளைக்குப் போடச் சொல்லு அவன."