விதானை பற்றரிக்கு விட்ட தண்ணீர்

பொதுப் பணத்தில் ஒரு பொருளை வாங்கும்போது அதன் விலையை மட்டுமன்றி, ஆயுள் முடியும்வரை அது விழுங்கும் செலவையும் ஒப்பிட வேண்டும் என்பது விதி. அரசாங்க வேலையில் இருந்த காலம் முழுவதும் அதை மேற்கோள் காட்டியிருக்கிறேன். யாரும் கடைப்பிடித்துக் கண்டதில்லை.

வவுணதீவில் எங்கள் வட்டையை, அதாவது வயல்வெளியை, சுற்றி யானை வேலி இருக்கிறது. அங்கே மின்சார லைன் இல்லை. பகலில் சூரியத் தகடு பற்றரியை நிரப்பும். இரவில் வேலி அதிலேதான் ஓடும். விவசாயிகள் குழு வழக்கம்போல ஆகக் குறைந்த விலைக்கு ஈய அமிலப் பற்றரி வாங்கியது. 'தண்ணீர் குறைந்தால் நிரப்பவும்' என்று அதில் ஒட்டியிருந்தது. வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுவது வட்டை விதானையின் பொறுப்பு. ஆகவே பற்றரியும் அவர் கைக்கே போனது. வாவிக்கரைக் கிணற்று உவர்நீரை ஊற்றினார். உப்பில் பற்றரி செத்தது. அப்போது கதிர் பால்பிடித்திருந்தது.

"காய்ச்சி வடிச்ச தண்ணி எண்டு எழுதாதது ஆர்ர பிழை சேர்? தண்ணி எண்டா தண்ணிதானே" என்றார் விதானை.

"நல்லவேளை, உரம் போடல்ல" என்றாள் மூலை வயல்காரி. தனியாளாகக் குத்தகைக்குச் செய்பவள். யானை இறங்கினால் காட்டோரம் இருக்கும் அவள் வயல்தான் முதலில் போகும்.

குழுச் செயலாளன் என்ற முறையில், வேலிப் பராமரிப்பு நிதியில் லித்தியம் பற்றரி வாங்க அனுமதி கேட்டுத் திணைக்களத்துக்கு எழுதினேன். விலை கூடத்தான். ஆனால் தண்ணீர் கேட்காது. அமிலப் பற்றரியைப் பாதிக்குமேல் வற்றவிட்டால் ஆயுள் குறையும், இது தாங்கும். அதைப் பலமுறை மாற்றும் காலத்துக்கு இது ஒன்றே போதும். ஜெல் பற்றரியும் தண்ணீர் கேட்காதுதான், ஆனால் எங்கள் வெயிலில் சீக்கிரம் களைத்துவிடும். எல்லாவற்றையும் விதி இலக்கத்தோடு எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். நினைவூட்டலுக்கும் ஒரு நினைவூட்டல்.

"சேர், பதில் வருமட்டும் பொறுத்திரு எண்டு யானைக்கும் ஒரு கடிதம் போடுங்களன்" என்றாள் அவள்.

அன்று பின்னேரமே குழுவைக் கூட்டினேன். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, முன் அனுமதி இல்லாமல், லித்தியத்தை வாங்கி வேலிக்குப் பூட்டினோம். விதானை அதைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார்.

"ஊத்துற வாய் எங்க?"

"இல்ல."

"அப்ப எனக்கென்ன வேல?"

"தகட்டத் துடையுங்க."

துடைத்தார், பளபளவென்று. யானைகள் வந்தன, கம்பியைத் தொட்டுப் பார்த்தன, திரும்பிப் போயின. அடுத்த போகத்துக்குப் பக்கத்து வட்டையும் இதையே வாங்கப்போகிறதாம். மூலை வயல் முழுதாக அறுவடையானது. திணைக்களத்தின் அனுமதி, அவள் கடைசி மூடையையும் வீட்டில் இறக்கிய பிறகு, சிவராத்திரிக்கு மறுநாள் வந்து சேர்ந்தது.